அட்மிரல் நின்ற மூன்று மணி நேரம்

ஃப்ளிசிங்கன்,
20 அக்டோபர் 1673

அன்புத் தம்பி கிரைனுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். உன் இடது கைக் காயம் ஆறிவிட்டதா? மரச்சிராய் உள்ளே தங்கியிருந்தால் குளிர் காலத்தில் குத்தும். ஹோர்ன் ஊரில் நல்ல வைத்தியர் இருந்தால் காட்டு.

ஆகஸ்டில் இங்கிலீஷ்காரனோடு மோதிவிட்டுக் கப்பற்படை திரும்பியபோது நீ இங்கே கரை இறங்கினாய் என்று மீன் சந்தையில் சொன்னார்கள். அங்கிருந்து என் வீடு எத்தனை அடி என்று உனக்குத் தெரியும். நீ வரவில்லை. அப்படியே வடக்கே போகிற படகைப் பிடித்துப் போய்விட்டாய். உன் அத்தான் யோஸ்ட் இறந்துவிட்டார் என்பதைக் கப்பல் எழுத்தர்தான் வந்து சொன்னார். நீ வந்து சொல்லியிருக்க வேண்டும். சரி, போகட்டும். அதைக் கேட்க நான் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் 'வெள்ளை நாரை' கப்பலில் இறந்தவர்களின் பெயர்ப்பலகையை மாட்டினார்கள். மேலே அட்மிரல் லாமெரன் பெயர் பொன் எழுத்தில். கீழே அறுபத்தொரு பெயர்கள். இரண்டு தடவை படித்தேன். யோஸ்ட் பெயர் இல்லை. ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேட்டேன்.

"கப்பல் பதிவேட்டுல இருக்கிறதைத்தானேம்மா எழுத முடியும்" என்றார்.

"அதுல என்ன இருக்கு ஐயா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சண்டை தொடங்கின கொஞ்ச நேரத்துல சுக்கான்ல உன் வீட்டுக்காரர் இல்ல. ரெண்டாவது சுக்கானிதான் பிடிச்சிருக்கான். சாயந்தரம் பிணங்களோட கிடந்திருக்கார். நடுவுல மூணு மணி நேரம் எங்கே இருந்தார்னு யாருக்கும் தெரியலம்மா."

இதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். கழுத்தில் காயம் பட்டும் மூன்று மணி நேரம் மேல்தளத்தில் அசையாமல் நின்று படையைக் காப்பாற்றினார் அட்மிரல் என்று சந்தையில் தாள் அச்சடித்து விற்கிறார்கள். அவருடைய சிவப்புக் கோட்டு கண்ணில் பட்ட வரைக்கும் நம் கப்பல் ஒன்றுகூடப் பின்வாங்கவில்லையாம். அதே மூன்று மணி நேரம் அதே கப்பலில் என் வீட்டுக்காரர் எங்கோ ஒளிந்து கிடந்தாராம்.

பதினோரு வருஷம் சுக்கான் பிடித்தவர். நீயும் அந்தக் கப்பலில் தச்சனாக இருந்தாய். ஒரே கேள்விதான். அவர் எங்கே இருந்தார்?

உன் பதிலை எதிர்பார்க்கும் அக்கா,
லெவினா

~

ஹோர்ன்,
12 நவம்பர் 1673

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி கிரைனின் வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. என் கை ஆறிவிட்டது. உளி பிடிக்க முடிகிறது. இங்கே கப்பல் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். ஒரு விதவை வீட்டில் மாடி அறை. பட்டாணிக் கஞ்சி நன்றாகச் செய்கிறாள், ஆனால் வாரத்தில் ஐந்து நாள் அதையேதான் செய்கிறாள்.

இங்கேயும் அட்மிரல் பேச்சுதான். துறைமுகத்துச் சாராயக் கடைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். புகையிலை டப்பா மூடியில் அவர் முகம். பார்த்தால் சிரிப்பு வரும். மூக்கை நேராக வரைந்திருக்கிறான். நான் 'வெள்ளை நாரை'யில் இருந்தவன் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. பட்டறை விட்டு வந்தால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "சொல்லு, கிழவர் எப்படி நின்னாரு?" என்கிறார்கள்.

நான் வேறு கதைகளைச் சொல்கிறேன். தார் காய்ச்சுகிறவரின் மகன், ஹெரிங் மீன் படகில் தொடங்கியவர், அட்மிரல் ஆன பிறகும் தன் அறையைத் தானே பெருக்கியதைச் சொல்கிறேன். கப்பலின் பின்பக்கம் கூண்டில் எட்டுக் கோழி வளர்த்தார். விடிந்ததும் தானே முட்டை எடுத்து, காய்ச்சலில் கிடப்பவர்களுக்குக் கொடுப்பார். கேப்டன்களை வாயில் வந்தபடி திட்டுவார், சாதாரண மாலுமியிடம், "உங்கம்மா பேரு என்னடா?" என்று கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வார். சங்கீதம் பாடும்போது ராகம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நல்ல மனிதர் அக்கா. அதில் பொய் இல்லை.

அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். அத்தான் தைரியசாலி. பதிவேடு எழுதியவன் அவசரத்தில் எழுதியிருப்பான். புகையில் யார் எங்கே இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் கீழ்த்தளத்தில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன். மனதை அலட்டிக்கொள்ளாதே.

குளிர் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
கிரைன்

~

ஃப்ளிசிங்கன்,
9 டிசம்பர் 1673

தம்பி கிரைனுக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

நான் யோஸ்ட்டைப் பற்றிக் கேட்டேன். நீ கோழியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

இங்கே என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றேன். கடைக்காரி, தானா என்பவள், என்னைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னாள்: "சுக்கானை விட்டுட்டுப் போனவர் வீட்டுக்குச் சூடான ரொட்டி வேணுமாக்கும்? மத்தவங்க வாங்கட்டும், கொஞ்சம் ஒதுங்கி நில்லு."

நான் சும்மா இருக்கவில்லை. "உன் வீட்டுக்காரன் கடலையே பாத்ததில்ல, தானா. அடுப்பைத்தான் பாத்திருக்கான்."

"ஆனா அடுப்பை விட்டு ஓடலையே!" என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. அவள் வாய்க்கு முன்னால் என் வாய் எந்த மூலைக்கு? ரொட்டி வாங்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டிலேயே அப்பம் சுட்டுக்கொள்கிறேன். தையல் வேலையும் குறைந்துவிட்டது. ஆலயத்தில் என் பெஞ்சில் யாரும் வந்து உட்காருவதில்லை.

அதனால் மிடில்பர்க் போய் உங்கள் கேப்டன் ஹாஸைப் பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கிறார், எலும்பும் தோலுமாக. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரரைப் பத்தி நான் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லலம்மா" என்றார்.

"ஒரு நல்ல வார்த்தையும் சொல்லலையே, ஐயா."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "உன் தம்பி எழுதினானா?" என்று கேட்டார்.

"எழுதினான். கோழி வளர்த்த கதை எழுதினான்."

கிரைன், அந்தப் பெரிய மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அவர் மனைவி என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு ஒரு கேப்டன் அழுவாரா? நீ எனக்கு என்ன எழுதாமல் விட்டிருக்கிறாய்?

லெவினா

~

ஹோர்ன்,
8 ஜனவரி 1674

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷத்தில் கர்த்தர் உனக்குச் சுகம் தரட்டும். நான் நலம்.

கேப்டன் ஹாஸ் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இறந்துவிட்டார் என்று இங்கே வந்த மாலுமிகள் சொன்னார்கள். அவருக்கு நான் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். இங்கிலாந்தோடு சண்டை முடிகிறவரை அன்று நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று. அவர் செத்ததால் சத்தியம் இல்லையென்று ஆகிவிடாது. இதற்கு மேல் கேட்காதே அக்கா.

அத்தான் ஒளிந்துகொள்ளவில்லை. இதை மட்டும் நம்பு.

கிரைன்

~

ஃப்ளிசிங்கன்,
15 பிப்ரவரி 1674

தம்பி கிரைனுக்கு,

கர்த்தர் அருளால் நலம். இருமல் மட்டும் விடவில்லை. நீ எழுதிய ஒரு வரியை இந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது. சத்தியம் செய்திருக்கிறாய் என்றால் நான் கேட்கவில்லை. ஆனால் இங்கே நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

போன திங்கட்கிழமை அட்மிரலின் மனைவி மாய்கே அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. பல வருஷமாக அவருக்கு நான்தான் தைக்கிறேன். "இப்போ அவகிட்டப் போகாதீங்க, ஊர் ஒரு மாதிரி பேசும்" என்று மேயர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்தார். "நான் வலை பின்னுறவ மக. எனக்கு எவ நல்லாத் தைப்பான்னு மேயர் சொல்லணுமா?"

மூட்டையில் அந்தச் சிவப்புக் கோட்டு. அட்மிரலுக்குச் சலவைக்கல் கல்லறை வரப்போகிறதாம். அதன் மேல் கொக்கி போட்டு இந்தக் கோட்டைத் தொங்கவிடப் போகிறார்கள். ரத்தக் கறையைத் துவைக்க வேண்டாம், கிழிசலை மட்டும் தைத்துத் தர வேண்டும் என்றார்.

அம்மா எதிரில் உட்கார்ந்திருக்க, நான் ஜன்னல் வெளிச்சத்தில் கோட்டை விரித்தேன். இடது மார்பில் ஒரு குண்டு ஓட்டை. துணி உள்ளே மடங்கி, சுற்றிலும் ரத்தம் காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

"குண்டு மார்லதான் பாஞ்சிருக்கு, இல்லையாம்மா?" என்று கேட்டேன். ஏதோ பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

அம்மா கையை நீட்டி அந்த ஓட்டையைத் தொட்டார். பிறகு சொன்னார்: "அவரைக் குளிப்பாட்டினது நான் லெவினா. காயம் கழுத்துல. ஒரே காயம். மார்ல ஒரு கீறல்கூட இல்ல."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"அந்தக் கழுத்தை நீ பாக்கல" என்றார். "அந்தக் காயத்தோட ஒரு மனுஷன் மூணு நிமிஷம் நிக்க முடியாது. மூணு மணி நேரமாம்! ஆகஸ்டுலேருந்து நான் இதை யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என்னைப் பைத்தியம்னுவாங்க. இன்னிக்கு உன்கிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

"ஏம்மா என்கிட்ட?"

"மத்தவங்க எல்லாருக்கும் அவங்கவங்க ஆளு எங்க செத்தான்னு தெரியும். உனக்கும் எனக்கும்தான் தெரியல."

அவர் போன பிறகு கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு அக்குளிலும் தையல் விட்டிருந்தது. முதுகுத் தையலும் பாதி விட்டிருந்தது. குண்டு பட்டதால் அல்ல. அதைவிட அகலமான தோள் உள்ளே போனதால். பதினோரு வருஷம் யோஸ்ட்டுக்குச் சட்டை தைத்தவள் நான். அந்தத் தோளின் அகலம் என் கைக்குத் தெரியும்.

கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ சத்தியத்தை மீற வேண்டாம். நான் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மணி நேரம் அந்தக் கோட்டுக்குள் நின்றது யார் என்று.

அக்கா,
லெவினா

~

ஃப்ளிசிங்கன்,
2 ஏப்ரல் 1674

கிரைனுக்கு,

நலம். நீ நலமா என்று தெரியவில்லை, ஏனென்றால் நீ எழுதவில்லை.

இங்கிலாந்தோடு சமாதானம் ஆகிவிட்டது. இங்கே நாள் முழுக்க மணி அடித்தார்கள், தெருவில் தார்ப் பீப்பாய்களைக் கொளுத்தினார்கள். ஹோர்னிலும் அடித்திருப்பார்கள். உன் சத்தியம் அன்றைக்கே முடிந்துவிட்டது. மூன்று வாரம் காத்திருந்தேன். தபால் படகு வந்த ஒவ்வொரு வியாழக்கிழமையும் துறைமுகத்துக்குப் போனேன். படகுக்காரன் ஆறென்ட் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறான், பாவம்.

ஆகவே உன்னைத் தடுப்பது சத்தியம் இல்லை. வேறு ஏதோ.

என்னிடம் உன் சட்டை அளவுத் தாள் இருக்கிறது. நீ கப்பலில் சேர்ந்த வருஷம் வெட்டியது. நேற்று அதை எடுத்துக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். தோள், கை, முதுகு, எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. ஒரு விரல் அளவுகூடக் கூடவோ குறையவோ இல்லை.

அந்தக் கோட்டு உனக்குச் சரியாக இருந்திருக்கும் கிரைன். யோஸ்ட் ஏன் போட்டுக்கொண்டார்?

இன்னொன்றும் சொல். அவர் பயந்தாரா?

லெவினா

~

ஹோர்ன்,
30 ஏப்ரல் 1674

அக்காவுக்கு,

உடம்பு நலம். மற்றது கீழே.

இதை எழுதப் பல நாள் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு ஒரே மூச்சில் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

முதல் பீரங்கி வரிசை வெடித்ததுமே அட்மிரல் விழுந்துவிட்டார். பின்பக்கத்து அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடிக் கட்டையின் சிராய் பறந்து வந்து கழுத்தில் ஏறிவிட்டது. நான் பக்கத்துச் சுவரைச் சரி செய்துகொண்டிருந்தேன். நானும் கேப்டன் ஹாஸும் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினோம். கிடத்துவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் போட்டிருக்கிற கடைசி வார்த்தைகளெல்லாம் யாரோ எழுதியவை.

கேப்டன் கோட்டையும் தொப்பியையும் கழற்றினார். என்னைப் பார்த்தார்.

"நீ போட்டுக்க கிரைன். உன் உயரம்தான் அவர் உயரம். மேல்தளத்துல போய் நில்லு. ஒண்ணும் பேச வேணாம், நின்னா போதும். இந்தக் கோட்டைக் காணோம்னா நம்ம கப்பல் எல்லாம் கலைஞ்சிடும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

மேல்தளத்தில் அப்போது உயிரோடு யாரும் இல்லை. இங்கிலீஷ்காரனின் துப்பாக்கிகள் எல்லாம் அந்தச் சிவப்பைத்தான் தேடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வலது கையை நுழைத்தேன். அவர் உடம்புச் சூடு கோட்டில் இன்னும் இருந்தது. இடது கையை நுழைக்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னால முடியாது ஐயா" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சிராய்க் காயம் சாக்கு இல்லை. அது அதற்கு அப்புறம் பட்டது.

சுக்கான் இருப்பது அந்த அறைக்கு வெளியேதான். அத்தான் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். "என்னடா ஆச்சு?" கீழே கிடந்தவரைப் பார்த்தார். ஒரு கை மட்டும் கோட்டுக்குள் இருக்க உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கேப்டன் கையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. அத்தான் வெளியே போய் இரண்டாவது சுக்கானியிடம், "கொஞ்சம் பிடிச்சுக்கடா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கோட்டை என் கையிலிருந்து உருவினார்.

"இங்க குடு. இந்தத் தையல்காரன் உங்கக்கா மாதிரி தாராளமா விட்டுத் தைக்கல. கிழிஞ்சா நான் பொறுப்பில்ல."

நீ கேட்டாய், பயந்தாரா என்று. பயந்தார் அக்கா. பொத்தான் போட முடியாமல் விரல் நடுங்கியது. நான்தான் போட்டுவிட்டேன், ஒவ்வொன்றாக. அப்போது என் காதருகே, "உங்கக்காகிட்ட..." என்று தொடங்கினார். பிறகு, "வேணாம், நானே வந்து சொல்றேன்" என்றார். என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "நீ போய் ஓட்டையை அடை. கப்பல் முங்கினா கோட்டு நனைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அந்தப் புகையில் இரண்டாவது சுக்கானிக்குக்கூடக் கோட்டும் தொப்பியும்தான் தெரிந்திருக்கும். மூன்று மணி நேரம் நான் கீழே ஓட்டை அடைத்தேன். சண்டை ஓய்ந்து மேலே வந்தபோது பாய்மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குண்டு எப்போது பட்டது என்று கேப்டனுக்கே தெரியவில்லை. பட்ட பிறகும் விழக்கூடாது என்று மரத்தில் முதுகைக் கொடுத்து நின்றிருப்பார் போல.

நாங்கள் இருவரும் கோட்டைக் கழற்றி அட்மிரலுக்குப் போட்டோம். அத்தானுக்கு என் சட்டையைப் போட்டுவிட்டேன், நீ தைத்ததுதான். மற்றப் பிணங்களோடு கிடத்தினோம். சுக்கானை விட்டுவிட்டார் என்று பதிவேட்டில் எழுதியபோது நானும் கேப்டனும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். வாய் திறக்கவில்லை. அவர் படைக்காகத் திறக்கவில்லை. நான் எனக்காக.

இதனால்தான் உன் வீட்டுக்கு வரவில்லை.

கிரைன்

~

ஹோர்ன்,
14 ஜூன் 1674

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எழுத மனம் இருக்காது. எனக்குத் தெரியும்.

இத்துடன் ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். நோட்டரி முன்னால் நடந்ததை முழுதும் சொல்லி, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டேன். இரண்டு சாட்சி. நான் முடியாது என்று சொன்னதும் அதில் இருக்கிறது. நோட்டரி, "அதை விட்டுடலாமே, அது தேவையில்லையே" என்றார். விட வேண்டாம் என்றேன்.

சாராயக் கடையிலும் சொல்லிவிட்டேன். அன்று, "கிழவர் எப்படி நின்னாரு?" என்று கேட்டவனிடம், "அவர் நிக்கல. எங்க அத்தான் நின்னாரு" என்றேன். குவளையை என் மேல் வீசினார்கள். பட்டறை மேஸ்திரி, "அட்மிரலைப் பத்தித் தப்பாப் பேசுறவனுக்கு இங்க உளி கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஒரு படகுக்காரனிடம் பலகை மாற்றும் வேலை கிடைத்திருக்கிறது. போதும்.

பத்திரத்தை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். கிழித்துப் போட்டாலும் சரி.

கிரைன்

~

ஃப்ளிசிங்கன்,
22 ஜூலை 1674

தம்பி கிரைனுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. நீ உளி இல்லாமல் இருக்கிறாய் என்று படித்தபோது அப்பாவின் உளிப் பெட்டி பரணில் இருப்பது நினைவுக்கு வந்தது. துரு எடுத்து வைத்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த பிறகு ஐந்து வாரம் உன் பெயரை நான் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட. ஜூனில் பத்திரம் வந்தது. அதை மாய்கே அம்மாவிடம் எடுத்துப் போய் நானே படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து வராது. நீ முடியாது என்று சொன்ன இடத்தில் நான் நிறுத்தினேன். "படி" என்றார். படித்து முடித்ததும், "ஒரு வார்த்தை பேசலையா அவர்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ வலிச்சிருக்காது" என்றார். பிறகு தலைக்குல்லாயைக் கட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்றார்.

நகரசபையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேயர் பத்திரத்தை வாசித்துவிட்டு மடித்து மேஜைமேல் வைத்தார்.

"சலவைக்கல் வந்தாச்சும்மா" என்றார். "எழுத்தும் செதுக்கியாச்சு. மூணு மணி நேரம்னு நாடு முழுக்கப் பாடுறாங்க. இப்போ போய் மாத்த முடியுமா? உங்க வீட்டுக்காரரோட பெருமைதானே குறையும்?"

மாய்கே அம்மா எழுந்து நின்றார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"நாப்பது வருஷம் கடல்ல கிடந்தார். பதினாலு சண்டை. எத்தனை பேரை உயிரோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார்னு உங்களுக்குத் தெரியுமா? அது போதாதா? செத்தப்புறம் மூணு மணி நேரம் நின்னார்னு வேற சொல்லணுமா? அடுத்தவன் செஞ்சதை எடுத்து அவர் தலையில வைக்கிறீங்க. உயிரோட இருந்தா இந்த மேஜையைக் கவுத்திருப்பார்."

மேயர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் இருமினார். கடைசியில் முடிவானது இதுதான்: கல்லில் எழுதியது எழுதியபடி இருக்கும். பெயர்ப்பலகையில் யோஸ்ட் பெயர் சேரும். பதிவேட்டில் பிழை நேர்ந்துவிட்டது என்று போதகர் அறிவிப்பார். உன் பத்திரத்தை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திருப்பிக் கேட்டேன், தரவில்லை. நான் அதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அம்மா வாசல் வரை போனவர் திரும்பி, "கோட்டு உங்களுக்குக் கிடையாது" என்றார். மேயர் ஏதோ சொல்ல வந்தார். "அதுல செத்தது இவ வீட்டு ஆள். இவகிட்டத்தான் இருக்கும். கல்லறைமேல தொங்கவிட ஏதாவது வேணும்னா அவரோட கோழிக் கூண்டு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். தெரு முனை வரை என் கையை விடவில்லை. 

போன ஞாயிற்றுக்கிழமை கல்லறையைத் திறந்து வைத்தார்கள். மிடில்பர்கிலிருந்து பிரபுக்கள் வந்திருந்தார்கள். நான் வழக்கம்போலப் பின்னால் என் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். மாய்கே அம்மா முன் வரிசையிலிருந்து எழுந்து, ஆலயத்தின் நீளம் முழுக்க நடந்து வந்து, என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். போதகர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அம்மா, "மேல சொல்லுங்க ஐயா" என்றார்.

யோஸ்ட் பெயர் அறுபத்திரண்டாவதாக இருக்கிறது. இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். வெளியே வரும்போது ரொட்டிக்காரி தானா, "என்ன பிழையாம்?" என்று கேட்டாள். "எழுத்துப் பிழை" என்றேன். ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நகரசபையில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து மனைவிகளும் இருப்பார்கள். ஆனாலும் தெருவில் பிள்ளைகள் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அட்மிரல் நின்ற மூன்று மணி நேரத்தை. எனக்கு அது இப்போது அவ்வளவாக உறுத்தவில்லை. நின்றவர் யார் என்று எனக்குத் தெரியும்.

இனி உன் விஷயம்.

நீ அந்தக் கோட்டைப் போட்டிருந்தால் நீ செத்திருப்பாய். யோஸ்ட் வீட்டுக்கு வந்திருப்பார். அந்த ஐந்து வாரமும் இதையேதான் நினைத்தேன். இரண்டு பேரில் ஒருவரைச் சொல் என்று என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டார்களே என்று இருக்கிறது. நீ பயந்தாய் என்பதற்காக எனக்குக் கோபம் இல்லை, அவரும் பயந்தார். கரை இறங்கி என் வீட்டைத் தாண்டிப் போனாயே, அந்தக் கோபம்தான். அந்த ஒரு வருஷம் நான் ஊருக்கு முன்னால் தலை குனிந்து நடந்தேன். உனக்குத் தெரிந்திருந்தும் நடக்க விட்டாய்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். மூன்று தாள் வீணானது. பொய்யாக எழுத எனக்கு வரவில்லை.

ஆறென்ட்டின் படகு ஆகஸ்ட் முதல் வியாழக்கிழமை ஹோர்னிலிருந்து கிளம்புகிறது. உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். மீன் சந்தைப் படித்துறையில் இறங்கு. நேராக வீட்டுக்கு வா, சுற்றிக்கொண்டு வராதே, எல்லாரும் பார்க்கட்டும். மன்னிப்பு வருகிறதா இல்லையா என்று ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்போம்.

பட்டாணிக் கஞ்சி செய்ய மாட்டேன்.

உன் அக்கா,
லெவினா